ஓக் கன்றுக்கு ஒரு தட்டு

விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் நிலைகொள்ளாமல் நிற்கிறேன். தட்டிலேயே குட்டி மரமாக, போன்சாயாக வளர்க்கக் கொடைக்கானலில் வாங்கிய ஓக் கன்று பாலிதீன் பையில் இலை சுருள்கிறது. இங்கே எந்தத் தட்டிலும் நீர் வடிய அடியில் ஓட்டை இல்லை. சுட்டபின் துளைத்தால் உடையுமாம்.

அச்சிலிருந்து ஈரத்தட்டை எடுக்கும் கம்மாபுரத்துப் பெண் கேட்கிறாள்: "மரத்த வளரவே வுட மாட்டீங்களா?"

"வெட்டி வெட்டிச் சின்னதாவே வச்சுப்பேன். வீடு மாறினாலும் தூக்கிட்டுப் போகலாம்."

அவள் கை நிற்கிறது. "எங்க வூட்டு வேப்பமரத்தயும் அப்படி வெச்சிருக்கலாம். நெலக்கரிச் சுரங்கத்துக்கு எங்க எடத்தக் கேக்கறாங்க."

தட்டின் அடியில் கட்டைவிரலால் துளை போடுகிறாள். "சுட்டு வர ஒரு வாரம் ஆவுங்க."

வெளியே சென்னை பஸ் ஹாரன் அடிக்கிறது. கன்றும் கையுமாகக் கிளம்புகிறேன். திரும்பிப் பார்த்தால், இன்னொரு தட்டிலும் துளை போடுகிறாள்.

"இது எனக்கு. வாசல்ல வேப்பங்கன்னு ஒண்ணு மொளச்சிருக்குது."