மண் கலந்த நாற்று ட்ரே

எங்கள் பட்டறை முதலாளியை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. பத்தாவது படித்தவள், யாரிடமும் நாலு வார்த்தை பேசாமல் மெஷினைப் பார்த்துக்கொள்கிறாள் என்பதற்காக வைத்திருந்தார். பாபநாசத்துக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் தகரக் கொட்டகை. நடவு மெஷினுக்காக நாற்று வளர்க்கிற பிளாஸ்டிக் ட்ரேக்களை அங்கே வார்த்தோம்.

ஒரு குறுவைக்கு முன்னால் களிமண் கலந்த பிளாஸ்டிக் குருணை வந்து இறங்கியது. கொண்டுவந்த கம்பெனிக்காரர் பொறுமையாக விளக்கினார். அது பக்குவம் செய்த களிமண். கண்ணுக்குத் தெரியாத ஏடுகளாக அடுக்கியிருக்கும். பிளாஸ்டிக் உருகும்போது ஏடுகள் பிரிந்து உள்ளே பரவிவிடும். கொஞ்சம் கலந்தாலே பிளாஸ்டிக் விறைப்பாகிவிடும், லேசில் நீளாது. ஒரு பட்டையை இழுத்தும் காட்டினார். முதலாளி காதில் விழுந்தது ஒன்றுதான்: ட்ரேயை இன்னும் மெல்லிசாக வார்க்கலாம். மண் என்று வெளியில் மூச்சு விடக்கூடாது, சனங்கள் கலப்படம் என்பார்கள் என்று என்னிடம் சொன்னார். இவள் எங்கே பேசப்போகிறாள் என்ற இளக்காரம் அந்தக் குரலில் இருந்தது.

வேர் பின்னிப் பாய்போல் வளர்ந்திருக்கும் நாற்றை எடுக்க எங்கள் பக்கத்து நடவாட்கள் ட்ரேயின் இரண்டு முனையையும் பிடித்து வளைப்பார்கள். பாய் விட்டுக்கொடுத்துச் சரிந்து வரும். விறைத்த மெல்லிசுத் தட்டு அந்த வளைவைத் தாங்காது. மிராசு வீட்டில் பிறந்த முதலாளிக்கு இது தோன்றவில்லை. வயலை வரப்பில் நின்றே பார்த்தவருக்கு எப்படித் தோன்றும்?

நடவு தொடங்கியதும் திருவிடைமருதூர் பக்கத்துப் பெரியவர் ஒருவர் டெம்போவில் வந்தார். உடைந்த ட்ரேக்களை முதலாளி காலடியில் கொட்டினார்.

"தம்பி, இது ட்ரேயா, அப்பளமா?"

முதலாளி யோசிக்கவே இல்லை. என்னைக் கை காட்டினார். நான் சூட்டைக் கூட்டி வைத்துச் சரக்கைக் கருக்கிவிட்டேனாம். பெரியவரிடம் தப்பை ஒத்துக்கொண்டு அப்படியே வீட்டுக்குப் போய்விட வேண்டுமாம், இனி எனக்கு அங்கே வேலை இல்லையாம்.

பெரியவர் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். என்னிடமிருந்து ஒரே வாக்கியம்தான் வந்தது.

"அதுல மண்ணு கலந்திருக்குங்க."

"மண்ணா?" அவர் முதலாளி பக்கம் திரும்பினார். "என் வயல்ல இல்லாத மண்ணையாய்யா எனக்கு வித்த?"

முதலாளி ஏடு, அடுக்கு என்று உளறினார். அவருக்கே அது பாதிதான் புரிந்திருந்தது. "நீ சொல்லும்மா" என்று என்னிடம் கெஞ்சினார்.

சொல்லியிருக்க முடியும். அது கலப்படம் இல்லை, விறைப்பு கூட்டுகிற சரக்கு, இந்த வளைப்புக்குத்தான் ஆகாது என்று. கம்பெனிக்காரர் பேசியது முழுதும் நினைவில் இருந்தது. ஆனால் நான் கூச்ச சுபாவம், ஊருக்கே தெரியும். தலையைக் குனிந்தபடி என் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வேலைதான் போய்விட்டதே.

இப்போதும் பாபநாசம் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் முதலாளி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான் திருப்பிக்கொள்வதில்லை.