வெள்ளத்தாயியும் வருகிறாள்

போடியிலிருந்து மலை ஏறும் ஜீப்பில், ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களுக்கு நடுவே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறேன். எதிரே பேச்சியம்மாள். இந்தப் பாதையில் ஜீப் உருண்டு செத்த வெள்ளத்தாயியின் கதைப்பாட்டைப் பாடாமல் எந்தத் திருவிழா மேடையிலிருந்தும் இவரை இறங்க விடமாட்டார்கள். மற்ற நாட்களில் இவருக்கும் தோட்டத்து வேலைதான்.

“அந்தப் பாட்டைக் கொஞ்சம் பாடுங்கக்கா” என்கிறேன்.

டிரைவர் கண்ணாடியில் என்னை முறைக்கிறார். “மலை ஏறையில அதைக் கேக்கக் கூடாது தம்பி” என்கிறாள் பக்கத்தில் இருப்பவள்.

“விடு ஆத்தா, தெரியாமத்தான கேட்டாரு” என்று பேச்சியம்மாள் தொண்டையைச் செருமிக்கொள்கிறார்.

பாட்டில் வெள்ளத்தாயி தூக்குச்சட்டியோடு ஜீப் ஏறுகிறாள். வளைவுக்கு வளைவு பிள்ளையை நினைக்கிறாள். அவள் சாக வேண்டிய வளைவு பாட்டில் வந்ததும் எங்கள் ஜீப்பில் பெண்கள் கம்பியை இறுக்கிப் பிடிக்கிறார்கள். ஆனால் பாட்டில் வரும் ஜீப் அதைத் தாண்டிப் போகிறது. வெள்ளத்தாயி தோட்டத்தில் இறங்கி, சேலையைச் செருகிக்கொண்டு காய் எடுக்கக் குனிகிறாள்.

“மேடையில செத்துப்போவாளேக்கா?”

“மேடையில சாகட்டும் தம்பி. இங்க அவளும் நம்மளோடதான வர்றா.”