தம் போட்டிருக்கும் நேரம்

சடையப்பனைப் போல ஒரு விதண்டாவாதியை நான் பார்த்ததில்லை. கருங்குழியில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். அண்டா, கரண்டி, நாற்காலி, சாமியானா எல்லாம் உண்டு. பாத்திரம் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வாக்குவாதத்தையும் சேர்த்து வண்டியில் ஏற்றி அனுப்புவார். அண்டாவின் விளிம்பு நசுங்கியிருக்கிறதே என்று நீங்கள் சொன்னால், நசுங்கியது அண்டாவா உன் கண்ணா என்பார். ஜெயிக்கிற வரைக்கும் விடமாட்டார். ஜெயித்த பிறகும் விடமாட்டார்.

நான் சம்பூர்ணம். பிரியாணி மாஸ்டர் நூர்முகமதுவின் ஆட்களில் ஒருத்தி. வெங்காயம் உரிப்பதும் நறுக்குவதும் என் வேலை. மாஸ்டருக்கு வீடு செங்கல்பட்டில். கல்யாணம், காதுகுத்து, சுன்னத்து, எதுவானாலும் சமைப்பது அவர், பாத்திரம் சடையப்பனுடையது. பாத்திரத்தை இறக்கிவிட்டு வண்டியோடு திரும்ப வேண்டிய மனிதர், விருந்து முடிந்து அண்டா காலியாகிற வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார். கேட்டால், அண்டாவைக் காவல் காக்கிறேன் என்பார். அதெல்லாம் சும்மா. அவர் காத்திருந்தது தம் போடுகிற நேரத்துக்கு.

தம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கறியும் அரிசியும் சேர்ந்து பாதிக்கு மேல் வெந்ததும் அண்டாவை மூடி, மூடியின் மேல் நெருப்புக் கங்கை அள்ளிக் கொட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு யாரும் தொடக் கூடாது. மாப்பிள்ளையின் அப்பாவே வந்து கேட்டாலும் திறக்கக் கூடாது. விடியற்காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த மாஸ்டருக்கு அப்போதுதான் கை ஓயும். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். எதிர் ஸ்டூலில் சடையப்பன் ஏற்கெனவே தயாராக இருப்பார். ஆரம்பித்துவிடும்.

பேச்சு எப்போதும் சாமியைப் பற்றித்தான். வேறு விஷயமா இல்லை? ஜி.எஸ்.டி. ரோட்டில் எவனைப் பார்த்தாலும் மனைக்கட்டு விலைதான் பேசுகிறான். இவர்களுக்கு அது ருசிக்காது. உருவமே இல்லாத சாமியைக் கோபம் வந்தால் எந்தப் பக்கம் பார்த்துத் திட்டுவாய் என்று சடையப்பன் கேட்பார். இத்தனை சாமி வைத்திருக்கிறாயே, உன் மூட்டுவலிக்கு ஒன்றுகூடவா இல்லை என்று மாஸ்டர் கேட்பார். நீங்கள் வருஷத்தில் ஒரு மாதம் பட்டினி, நாங்கள் வாரத்தில் ஒரு நாள், கணக்குப் போட்டுப் பார் என்பார் இவர். ஒருபொழுது என்று சொல்லிவிட்டுத் தட்டு நிறைய இட்லி தின்பதெல்லாம் பட்டினியில் சேராது என்பார் அவர். நாக்கில் நரம்பில்லாமல் பேசுவார்கள். தயிர்ப் பச்சடிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் எனக்குச் சிரிப்பில் கை தடுமாறும்.

ஒருமுறை ஒரு விருந்தாளி சமாதானம் செய்கிறேன் பேர்வழி என்று நடுவில் வந்து, எல்லா மதமும் ஒன்றுதானே, எதற்குச் சண்டை என்றார். இரண்டு பேரும் சேர்ந்து அவர் மேல் பாய்ந்துவிட்டார்கள். எல்லாம் ஒன்று என்றால் சாயங்காலம் உன் வீட்டுக்குப் போகாதே, என் வீட்டுக்கு வா என்று சடையப்பன் சொன்னதும் அந்த மனிதர் பந்தியைப் பார்த்து நடையைக் கட்டினார்.

சாமியின் பேரால் மல்லுக்கு நிற்கிற ஜனங்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் சாமி பெரிதா உன் சாமி பெரிதா என்று கத்துகிறவனுக்கு இரண்டு சாமியைப் பற்றியும் ஒரு மண்ணும் தெரிந்திருக்காது. இவர்கள் பேசியது அப்படி இல்லை. வீட்டில் உப்பு தீர்ந்தால் அடுத்த வீட்டில் போய்க் கேட்போமே, அந்த மாதிரி. கேட்கிற தோரணைதான் சண்டைக்காரத் தோரணையாக இருக்கும்.

சடையப்பனின் மனைவி காலமான பிறகு அது எனக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது. அவருடைய ஒரே மகன் ரஞ்சித்குமார் கூடுவாஞ்சேரியில் ஃப்ளாட் வாங்கிக்கொண்டு போய்விட்டான். கடைக்கு மேலே இருக்கும் வீட்டில் இவர் தனி ஆள். சாப்பாடு மெஸ்ஸிலிருந்து வரும். கடையில் வேலை செய்கிற பையன்கள் முதலாளி எது சொன்னாலும் சரிங்க என்பார்கள். அக்கம்பக்கத்துக்காரர்கள் இவர் வாய்க்குப் பயந்து ஒதுங்கிப் போவார்கள். மனைவி ஒருத்திதான் சரிக்குச் சரி நின்றவள். அவளும் போன பிறகு, ஊரில் அவரிடம் ‘இல்லை’ என்று சொல்ல நூர்முகமது ஒருவர்தான் மிச்சம். தம் போடுகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் மனிதர் மற்ற நேரமெல்லாம் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கூட்டிச் சொல்லவில்லை.

அதன் பிறகு அவர் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான். செத்தவர்கள் எங்கே போகிறார்கள்? மண்ணுக்குள் காத்திருப்பார்கள், கடைசி நாளில் எழுப்பப்படுவார்கள் என்பார் மாஸ்டர். அது எப்படி, எங்கேயாவது மறுபடி பிறந்திருப்பாள் என்று இவர் வாதாடுவார். பஸ்ஸில் கைக்குழந்தை எதுவாவது தன்னைப் பார்த்துச் சிரித்தால் இறங்க மனம் வருவதில்லை என்று ஒருநாள் சொன்னார்.

“என் கணக்குல அண்ணி உனக்காக காத்துகினு கீறாங்க,” என்றார் மாஸ்டர். “உன் கணக்குல உன்ன மறந்துட்டு வேற வூட்ல வெளையாடிகினு கீறாங்க. எது வேணும்னு நீயே பாத்துக்க அண்ணாத்த.”

அடுத்த விருந்துக்குள் சடையப்பன் ஒரு பதிலைத் தேடிப்பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நெம்மேலிப் பக்கம் அந்தக் கல்யாணம் வந்தது. கடலை ஒட்டிய மண்டபம். தாலி கட்டிய மறுநாள் கறி விருந்து. அடுப்படிக்கு வந்து அண்டாவையும் புகையையும் போனில் பிடித்துக்கொண்டு போவதற்கென்றே இப்போதெல்லாம் நாலு பேர் வருகிறார்கள் இல்லையா, அங்கேயும் வந்திருந்தார்கள். யாரும் அவர்களைக் கவனிக்கவில்லை. தம் போட்டாயிற்று. சடையப்பன் அன்றைக்கு வழக்கம்போல் சீண்டவில்லை. குரல் இறங்கியிருந்தது.

“ஏரிக்கர அம்மனுக்கு மொட்ட போட்டேன், கூழு ஊத்தினேன். ஆஸ்பத்திரியில அவ கெடந்தப்ப கோயில்லயே வுழுந்து கெடந்தேன். அந்தக் கல்லு கேட்டுச்சா நூரு? நீயே சொல்லு.”

“கல்லு கேக்காது அண்ணாத்த,” என்றார் மாஸ்டர். கொஞ்சம் பொறுத்து, “என் பெரிய பொண்ணு மவுத்தானப்ப நான் தொழுததும் அப்டித்தான். மேல போச்சா, கூரையில முட்டிக்கினு நின்னுச்சான்னு எனக்கு இன்னிக்கும் தெரியல,” என்றார்.

நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன், வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு.

அந்த வாரமே அது எல்லோருடைய போனிலும் வந்துவிட்டது. முன்னால் கேட்ட கேள்வி இல்லை. பின்னால் சொன்ன, மகள் செத்துப்போன கதை இல்லை. மாஸ்டரின் முகமும், ‘கல்லு கேக்காது’ என்ற பேச்சும் மட்டும். அதன் மேல் எவனோ ஒரு புண்ணியவான் சிவப்பு எழுத்தில் என்னென்னவோ எழுதி வைத்திருந்தான். பிடித்திருந்த ஆர்டர்களெல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. பிறகு ஒருநாள் காலையில் மாஸ்டர் வீட்டு வாசலில் கும்பல் கூடிவிட்டது.

விஷயம் தெரிந்து நான் ஓடினேன். நடந்தது இதுதான் என்று தொண்டை கிழியச் சொன்னேன். நீ யாரும்மா என்று கேட்டார்கள். வெங்காயம் நறுக்குகிறவள் என்றேன். சிரித்தார்கள். அவரோடு பேசிக்கொண்டிருந்த ஆளை வந்து சொல்லச் சொல், கேட்டுக்கொள்கிறோம் என்றார் அதில் கொஞ்சம் வயதானவர். அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. சடையப்பனுக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். கருங்குழிக்கு ஆளை அனுப்பினேன். கடை ஷட்டர் இறங்கியிருந்தது.

ரஞ்சித்குமார் முந்தின நாளே காரில் வந்து அப்பாவைக் கூடுவாஞ்சேரிக்குக் கூட்டிப் போயிருந்தான். வீடியோவில் நல்லவேளையாக உன் முகம் இல்லை, நீயாகப் போய் வாயைத் திறந்து மாட்டிக்கொள்ளாதே, கடைப் பேர் கெட்டுவிடும், என் ஆபீஸ் வரைக்கும் பேச்சு வரும் என்று சொல்லியிருக்கிறான். ஆயுசு பூராவும் எவன் பேச்சையும் கேட்காத மனிதர் அந்த ஒரு தடவை மகன் பேச்சைக் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் மட்டும் எதிரில் இருந்திருந்தால் கரண்டியாலேயே ஒன்று வைத்திருப்பேன்.

மாஸ்டர் வாசற்படியில் நின்று எல்லோரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். தெரியாமல் பேசிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். அதையும் போனில் பிடித்துக்கொண்டு கலைந்து போனார்கள்.

ஜனங்கள் மறந்துவிட்டார்கள். அவர்களுக்கு அடுத்த வீடியோ வந்திருக்கும். மழைக்காலம் முடிந்து முகூர்த்தங்கள் தொடங்கியதும் மாஸ்டருக்கு ஆர்டர் வர ஆரம்பித்தது. அவ்வளவு பெரிய அண்டாக்கள் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரிடமும் கிடையாது. அவரும் பழையபடி சடையப்பன் கடைக்கே வந்தார். சடையப்பனும் பழையபடி வண்டியில் ஏறி உட்கார்ந்தார். எனக்குக்கூட நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இரண்டு நாள் வருத்தம், தம் போட்டால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன்.

தம் போட்டார்கள். ஸ்டூல் போட்டார்கள். சடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, உங்கள் சொர்க்கத்தில் மூட்டுவலி உண்டா இல்லையா என்று ஆரம்பித்தார். மாஸ்டர் லேசாகச் சிரித்து, “எல்லாம் ஒண்ணுதாங்கண்ணே,” என்றார். சடையப்பனுக்கு யாரோ முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது.

அவர் சும்மா விடவில்லை. அடுத்தடுத்த விருந்துகளில் வேண்டுமென்றே தப்புத்தப்பாகப் பேசிப் பார்த்தார். நோன்பில் தண்ணீர் குடிக்கலாமாமே என்றார். இருக்கும்ணே என்றார் மாஸ்டர். தொழுகிறபோது எந்தத் திசை பார்த்து நின்றாலும் ஒன்றுதானே என்றார். ஆமாங்கண்ணே. எங்கள் சாமிதான் பெரிய சாமி, ஒத்துக்கொள்கிறாயா என்றுகூடக் கேட்டுவிட்டார். சரிங்கண்ணே என்று சொல்லிவிட்டு மாஸ்டர் கங்கைக் கிளறப் போய்விட்டார். ஊரே சரி சரி என்று சொல்கிறபோது இவர் ஒருவராவது ‘இல்லை’ என்று சொல்லமாட்டாரா என்று சடையப்பன் தவித்தது எனக்குத் தெரிந்தது. மெஸ் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிடுகிறார் என்று கடைப் பையன்கள் சொன்னார்கள். ஆள் பாதியாகிவிட்டார். பாவமாகவும் இருந்தது, நன்றாக வேண்டும் என்றும் இருந்தது.

போன மாதம் மாமல்லபுரத்தில் ஒரு காதுகுத்து. மொட்டை மாடியில் பந்தி, வீட்டுக்குப் பின்னால் சவுக்கு மரங்களுக்கு நடுவில் சமையல். தம் போட்டதும் மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சடையப்பன் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

“நூரு, என்ன ரெண்டு வார்த்த திட்டிடுடா,” என்றார். “இப்டி ஆமா ஆமான்னு சொல்லிகினு இருக்காத. என்னால முடியல.”

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். பேசமாட்டார் என்றுதான் நினைத்தேன். பேசினார்.

“அன்னிக்கு கேட்டது நான்தான், என் பொண்டாட்டி செத்தத பத்தி பேசிகினு இருந்தோம்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். படியில நின்னு கும்புடறேன், என் கண்ணு ரோட்டுலயே கீது. அண்ணாத்த வந்துடும், வந்து இவனுங்கள வாயாலயே ஒரு வழி பண்ணிடும்னு பாத்துகினு கீறேன். உன் வாய் எனக்கு தெரியாதா? நீ வரல. நம்ம பேச்சவிட உனக்கு உன் கடைப் பேரு பெருசா போச்சு.”

அண்டா மூடியில் கங்கு கனன்றுகொண்டிருந்தது. சடையப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“நீ சொல்றது சரிதான்,” என்றார்.

நான் அறிந்து அவர் வாயில் அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. மலையே இறங்கி வந்துவிட்டது, இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று பைத்தியக்காரி நான் சந்தோஷப்பட்டேன். மாஸ்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு களைப்பை நான் அந்த முகத்தில் பார்த்ததே இல்லை.

“இல்லன்னு சொல்லுவன்னு பாத்தேன் அண்ணாத்த,” என்றார். “கெளம்பித்தான் வந்தேன், புள்ளதான் என்ன வுடலன்னு சண்ட போடுவன்னு பாத்தேன். பொய்யாவாச்சும்.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, மூடியிலிருந்து கங்கைத் தள்ள ஆரம்பித்தார். சடையப்பன் ஸ்டூலை விட்டு எழவில்லை. மாடியில் முதல் பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள் என்று யாரோ குரல் கொடுத்தார்கள். நான் பச்சடிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு படியேறினேன்.