சமயபுரத்துக்கு வளர்ந்த முடி

மலைக்கோட்டைக்குக் கீழே, கடைவீதியை ஒட்டிய உயர்நிலைப் பள்ளியில் லூர்து கணக்கு வாத்தியார். படிப்பை விட்ட பையன்களை வீடு தேடிப் போய் அழைத்து வருவது அவர் வழக்கம். ஒன்பதாம் வகுப்பில் பைக் கூட்டத்தோடு சுற்றிக்கொண்டிருந்த இளவரசனையும் அப்படித்தான் ஸ்ரீரங்கத்திலிருந்து மீட்டு வந்தார். அவன் வேறு யார் பேச்சையும் கேட்க மாட்டான். லூர்து சொன்னால் கேட்பான்.

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது இளவரசனின் முடி பிடரியில் புரண்டது. வெட்டாமல் வந்தால் டி.சி. என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

"சமயபுரத்துக்கு வேண்டியிருக்கேன் சார்," என்றான் இளவரசன்.

"போன வருஷம் நாலு பேரு இதே கதையைத்தான் விட்டானுங்க. ஒருத்தனாவது மொட்டை போட்டானா?"

"நெசமா சார். அம்மாவுக்காக."

"அம்மாவுக்கு என்னடா?"

"ஹீரோ மாதிரி புள்ள வேணுமாம் சார்," என்றது பின்பெஞ்சு. வகுப்பே சிரித்தது.

இளவரசன் அத்தனை முகங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலைகுனிந்துகொண்டான். பொய் பிடிபட்டுவிட்டது என்று லூர்து நினைத்தார். மதிய இடைவேளையில் கையைப் பிடித்து சலூனுக்கு அழைத்துப் போனார். வேறு யாராவது இழுத்திருந்தால் உதறிவிட்டு ஓடியிருப்பான். லூர்து என்பதால் முடி வெட்டி முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. லூர்து டவுன் பஸ் ஏறிக் கொள்ளிடக்கரை வீட்டுக்குப் போனார். அவன் அம்மா அழகம்மாள் கட்டிலில் கிடந்தாள். மார்பில் புற்றுநோய். மருந்தில் கொட்டிப்போன தலையை முந்தானையால் மூடியிருந்தாள்.

"முடிதானே, ஆத்தா கோவிச்சுக்க மாட்டான்னு சொல்லிட்டேன் சார். கேக்க மாட்டேங்குறான். நீங்க சொல்லுங்க, பரீட்சையை மட்டும் எழுதட்டும்."

வாசலில் இளவரசன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

"தப்பு என்னுதுதான்டா. விசாரிச்சிருக்கணும்."

"நான்தான் சொன்னேன்ல சார்."



பொங்கலுக்கு முன்பே அழகம்மாள் இறந்தாள். துக்கத்துக்குப் போனவரை உறவுக்காரர் ஒருவர் தெருமுனையிலேயே நிறுத்தினார்.

"வேணாங்க சார். உங்களாலதான் போச்சுன்னு நிக்கிறான்."

பொதுத்தேர்வின் முதல் நாள் லூர்துக்கு ஹால் டியூட்டி இல்லை. இளவரசனின் ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு காலையிலேயே போனார். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அவன் மாமா கூட திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிட்டான் சார்."

"போன் நம்பர் இருக்காம்மா?"

"இருக்கு." அவள் தயங்கினாள். "கணக்கு சார் வந்து கேட்டா குடுக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போனான்."

லூர்து அந்த வாசற்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். திரும்பும் பஸ் மாம்பழச்சாலையைத் தாண்டும்போது பரீட்சை தொடங்கியிருந்தது.