நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம்

என் மகள் செல்வி பி.யூ.சி. சேர்ந்த வருடம் அது. ஒரு மதியம் கல்லூரிப் பியூன் திருப்பூரில் இருந்த எங்கள் சலவைப் பட்டறைக்கு வந்து, "கெமிஸ்ட்ரி மேடம் உங்களைக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றார். பெண்ணுக்கு என்ன என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. போட்டது போட்டபடி சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்லூரிக்கு விரைந்தேன்.

ஆய்வுக்கூட வாசலில் செல்வி அழுதுகொண்டு நின்றாள். உயிரோடு இருக்கிறாள் என்பது மட்டும்தான் என் மனதில் ஏறியது.

"பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகலீங்க," என்றார் மேடம். "ஒரு உப்பைக் கொடுத்து என்னன்னு கண்டுபிடிக்கச் சொன்னேன். நாக்குல வைக்கப் போயிட்டா. பாதரச உப்புங்க அது. கையைப் புடிச்சு நிறுத்திட்டேன்."

பனியன் துணியை வெளுத்து அலசியபின், ஆசிட் போய்விட்டதா என்று நாங்கள் நாக்கில் வைத்துத்தான் பார்ப்போம். அதை அவளுக்குப் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

"அவ வைப்பான்னு உங்களுக்கு எப்படீங்க தெரிஞ்சுது?"

"ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் ஊட்டுல என்ன தொழில், எப்படிப் பண்றீங்கன்னு கேட்டுட்டுத்தாங்க பாடம் ஆரம்பிப்பேன். இவ சொன்னதிலிருந்து லேப்ல இவ பக்கத்துலயே நிக்கிறேன். நான் எத்தனை சொன்னாலும் அப்பா செய்யறதுதான் இவளுக்குச் சரி. இவகிட்ட நீங்களே சொல்லுங்க."

"அப்பன் பண்றது தப்பு கண்ணு," என்றேன்.

"அப்ப நீங்களும் இனிமே வெக்காதீங்கப்பா," என்றாள்.

அன்றிலிருந்து நான் வைப்பதில்லை. ஆனாலும் பயம் போகவில்லை. இன்னும் என்னென்ன அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேனோ, அதில் மேடத்திடம் அவள் சொல்லாமல் விட்டது எதுவோ என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.