அப்பா இஞ்சினியர்

குலசேகரம் இருபத்தெட்டு வருடம் லண்டனில் ரயில் பாதை பராமரிப்பு வேலை செய்தவர். கல் நிரப்புவதும் தண்டவாளம் மாற்றுவதும்தான் தொழில். லண்டன் புறநகரான சட்டனில் தனியாக இருக்கிறார். மனைவி இறந்தபின் அவருக்கு மகன் சுஜீத் மட்டும்தான். அவன் ஸ்ட்ரெதமில் வக்கீல்.

போன வருடம் சுஜீத், மனைவி கம்சிகாவின் பெற்றோரோடு அமெரிக்கச் சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்து, அப்பாவையும் அழைத்தான். குலசேகரம் ஒரே ஓர் இடம்தான் கேட்டார்: கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் போட்டுக்கொண்டு வந்த ரயில் பாதைகள் 1869இல் சந்தித்த, யூட்டா பாலைவனத்து இடம்.

கண்ணுக்கெட்டிய தூரம்வரை சாம்பல் நிறப் பற்றைச் செடிகள். நடுவே, பழைய மாதிரியில் கட்டிய இரண்டு நீராவி என்ஜின்கள் முகத்துக்கு முகம் நின்றன. குலசேகரம் குந்தியிருந்து தண்டவாளத்தைத் தடவினார்.

"எங்களுக்கு மிஷின் இருந்தும் நாரி முறிஞ்சது. இவங்கள் இந்த வெயிலுக்கை சம்மட்டியோட நிண்டிருக்கிறாங்கள்," என்றார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

சம்பந்தி சண்முகராசா சிரித்தார். செவன் கிங்ஸில் நகைக்கடை வைத்திருப்பவர். "இஞ்சினியர் எல்லோ, உங்களுக்குத்தான் இதெல்லாம் விளங்கும்."

"ஆர் இஞ்சினியர்?"

"நீங்கள்தானே! கலியாணம் பேசேக்கை சுஜீத் தம்பி சொன்னவர்."

சுஜீத் ஓடிவந்தான். "அப்பா, வெயில் கூட. காருக்குப் போவம்."

"பொறு." குலசேகரம் எழுந்தார். "அண்ணை, நான் லேபர். சம்மட்டி பிடிச்சவன்."

சண்முகராசா மகளைப் பார்த்தார். கம்சிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கும் உண்மை முன்பே தெரியும் என்பது குலசேகரத்துக்கு அப்போதுதான் விளங்கியது.

கார் நின்ற இடத்தில் சுஜீத் பல்லைக் கடித்தான். "ஒரு நாள் பேசாமல் இருக்க ஏலாதா உங்களுக்கு?"

"அந்த வேலையிலதானேடா நீ படிச்சனி."

"அதுக்கு? எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியோணுமோ?"

மிச்சம் ஐந்து நாளும் சம்பந்தி "குட்மோர்ணிங்" மட்டும் சொன்னார். ஹீத்ரோவில் இறங்கியதும் சுஜீத் மாமா மாமியைக் காரில் ஏற்றிக்கொண்டு செவன் கிங்ஸ் போனான். குலசேகரம் பெட்டியை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

இந்தத் தை மாதம் பேத்தி பிறந்தாள். படம் போனில் வந்தது. ஒரு மாதம் ஆகியும் அழைப்பு வராததால், முப்பத்தோராம் நாள் சடங்கு எப்போது என்று கேட்டு எழுதினார். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "முடிஞ்சுது அப்பா. சின்னனாத்தான் செய்தனாங்கள். குடும்பத்து ஆக்கள் மட்டும்."

அதை இரண்டு தரம் வாசித்தார். "ஓம், நல்லது" என்று எழுதி அனுப்பினார்.