பாரம் ஏற்றிப் பார்த்த புகைக்குழாய்

எந்த வண்டி உறுமினாலும் அதன் அடியில் மல்லாக்கப் படுத்திருப்பார் அவர். புகைக்குழாய் மாட்டுவது தொழில். ஆனால் ஓயாத அந்த வாய்க்கு ஒன்றை மாட்ட யாராலும் முடியவில்லை. அதனாலேயே எல்லோருக்கும் அவர் ‘சைலன்சர்’.

அவர் மனைவி செங்கல் லாரி ஓட்டுகிறவர். முப்பது வயது லாரி. ஓட்டைக் குழாயின் புகை கேபினுக்குள் ஏறித் தினமும் தலைவலி. புகை நிற்க வேண்டும், இல்லையென்றால் ஓட்டுவதை நிறுத்த வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஸ்டியரிங்கைப் பிடிக்காவிட்டால் அந்த அம்மாவுக்குச் சோறு இறங்காது.

“பழைய ரெண்டு இஞ்சுல எஞ்சின் மூச்சு முட்டுது. மூணு இஞ்சு குழாய் போட்டுர்றேன், பாரு!”

“அது அச்சுக்கு மேல எப்படிங்க நுழையும்? என் காதும் போயிரும். ரெண்டரை போதும்.”

“நானும் அதைத்தான் நினைச்சேன்” என்று மீசையில் மண் ஒட்டாமல் சமாளித்தார்.

குழாயைப் பின் அச்சுக்கு மேலாக வளைத்து, வண்டியின் பின்கடைசியில், ஓட்டுநர் இருக்கைக்கு எதிர்ப்பக்கமாக வெளியே விட்டார். பட்டறை வாசலில் நான்கு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். புகை வாடையே இல்லை. சைலன்சருக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் மத்தியானம் மனைவி கண் சிவந்து வந்து இறங்கினார். கேபின் முழுக்கப் புகை. அடியில் நுழைந்து பார்த்தால், அச்சுக்கு மேலே குழாய் நசுங்கி, கேபின் பக்கத்து இணைப்பு பிளந்திருந்தது. செங்கல் பாரத்தில் ஸ்பிரிங் பட்டைகள் அமுங்க, ஒவ்வொரு பள்ளத்திலும் அச்சு குழாயை இடித்திருக்கிறது.

“உங்க கைக்கு வர்றது எல்லாமே காலி வண்டி. என் வண்டி என்னைக்குங்க காலியா ஓடியிருக்கு?”

சைலன்சருக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் பாரம் ஏற்றிய லாரியின் அடிவயிற்றை அவர் பார்த்ததே இல்லை.

மறுநாள் முழு லோடு ஏற்றச் சொன்னார். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து அடியில் நுழைந்தார். அச்சுக்கும் குழாய்க்கும் நடுவே தன் உள்ளங்கை நிமிர்ந்து நுழையும்வரை வளைவை உயர்த்தினார். பிறகு மனைவி பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தார். பள்ளம் பள்ளமாகப் போனார்கள். மேட்டின் உச்சியில் அந்த அம்மா வண்டியை நிறுத்தி, ஜன்னலை ஏற்றி, ஆழமாக மூச்சிழுத்தார். செங்கல் தூசி வாசனை மட்டும்தான்.

“அப்போ நாளைக்கும் நான்தானே ஓட்டுறேன்?”

எத்தனை நாள் இந்தப் பயத்தைச் சுமந்து மேடேறியிருக்கிறாள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

“நீதாம்மா” என்றார்.